அஞ்சாம் நம்பர் எலுமிச்சை

ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களால் எனக்குத் தொல்லை இல்லை. பஞ்சை அழுத்திக்கொண்டு போய்விடுவார்கள். "ரிசல்ட் எப்ப வரும்?" என்று கேட்டு, பதில் சொன்ன பிறகும் நகராமல் நிற்கிறார்களே, அவர்களைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது. குழாயின் மேல் நான் எழுதும் நம்பரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு. ஒரு ஆடி மாதம் எங்கள் குடும்பமே அப்படித்தான் நின்றது. அது மனுஷ ரத்தத்துக்காக அல்ல, எலுமிச்சை இலைக்காக.

எங்கள் ஊர் பேராவூரணிக்குக் கிழக்கே, கடைமடை. காவிரித் தண்ணீர் ஊரெல்லாம் சுற்றி, எல்லார் வயலையும் நனைத்து, மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். வராத வருஷமும் உண்டு. அதனால் அப்பா வயலை முழுதாக நம்பாமல், வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக் கொல்லையில் எலுமிச்சை வைத்தார். சுற்றுவட்டாரம் முழுக்கத் தென்னை வைத்துக்கொண்டிருக்க இவர் மட்டும் முள்ளுச் செடியை வைக்கிறாரே என்று ஊருக்கே சிரிப்பு. "ஊறுகா கம்பெனி ஆரம்பிக்கப் போறியாப்பா?" என்று கேட்டார்கள். காய் பிடிக்க ஆரம்பித்ததும் கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆடி வெள்ளிக்கு ஊர் அம்மனுக்குச் சாத்தும் எலுமிச்சை மாலை எங்கள் கொல்லைக் காயில்தான் என்று ஆகிப்போனது. அம்மாவுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. மாலை சாத்தும்போது பூசாரிக்கு நேர் எதிரே போய் நின்றுகொள்வாள், ஏதோ தானே காய்த்து வந்தவள் மாதிரி.

எலுமிச்சை வைக்கலாம் என்ற யோசனையே கொல்லையின் கடைசியில், வேலி ஓரமாக முன்பே நின்ற ஒற்றை மரத்தைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு வந்ததாம். அது அத்தை வைத்த மரம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்களோடுதான் இருந்தாள். பட்டுக்கோட்டைப் பக்கம் புருஷன் வீடு என்று ஒன்று இருந்ததாகவும் இனி அங்கே போவதற்கில்லை என்றும் அரைகுறையாகக் காதில் விழும். நான் வந்ததும் பேச்சு நின்றுவிடும். கொல்லையில் அத்தை வைத்ததுதான் சட்டம். தண்ணீர் பாய்ச்சுவது, உரம் போடுவது, கவாத்து வெட்டுவது எல்லாம் அவள் கை. குரல் எடுத்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடு தலை தூக்கிப் பார்க்கும். என்னை "மருமகளே" என்றுதான் கூப்பிடுவாள், தம்பி மகளை எல்லா அத்தையும் கூப்பிடுகிற மாதிரி. மற்ற எந்த மரத்தில் நான் கல் எறிந்தாலும் கண்டுகொள்ளமாட்டாள். வேலியோர மரத்தைத் தொட்டால் மட்டும், "கையை எடுடி. உன்னைவிட மூத்தது. மரியாதை குடு" என்பாள். மரத்துக்கு என்ன மரியாதை என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ நடந்த அந்த வருஷம் வைகாசியிலேயே சில மரங்களின் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. அப்பா உரம் போட்டார். அம்மா திருஷ்டி சுற்றினாள். இரண்டுக்கும் மசியவில்லை. காய்கள் சிறுத்து, ஒரு பக்கம் மட்டும் உப்பி, கோணிக்கொண்டு வந்தன. கடைசியில் அப்பா தோட்டக்கலை ஆபீசிலிருந்து ஒரு மேடத்தைக் கூட்டி வந்தார். சின்ன வயது மேடம்; சுடிதார் போட்டு, தலையில் தொப்பி வைத்திருந்தார். ஒரு இலையைப் பறித்து நடு நரம்போடு இரண்டாக மடித்துப் பார்த்தார். மறுபடியும் விரித்தார், மறுபடியும் மடித்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளா இருந்தா சத்துக் குறைச்சல். பயமில்ல. இது இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி திட்டுத் திட்டா இருக்கு பாருங்க. இதான் எனக்குப் புடிக்கல," என்றார். நோய்க்குக் 'கிரீனிங்' என்று பெயர் சொன்னார். மஞ்சளாகிற நோய்க்குப் பச்சை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, இலையை லேபுக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

"இருந்துச்சுன்னா மருந்து என்னங்க மேடம்?" அப்பா கேட்டார்.

"மருந்து கெடையாது சார். வேரோட தோண்டி எடுத்துக் கொளுத்திடணும். ஒரு துண்டு வேர்கூட மண்ணுல விட்டுடாதீங்க, அதுலேர்ந்து துளுத்து வந்தா அதுலயும் நோய் இருக்கும். விட்டு வச்சீங்கன்னா பூச்சி ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குக் கொண்டுபோய் கொல்லை மொத்தமும் போயிடும்."

அப்பா மரங்களைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அத்தை மட்டும் யாரையும் பார்க்காமல், "வேரோடயா?" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

சந்தேகப்பட்ட ஆறு மரங்களை மேடம் காட்டிவிட்டுப் போனார். வேலியோர மரமும் அதில் ஒன்று. ஒவ்வொரு மரத்திலும் நாலு பக்கமும் காம்போடு இலை பறிக்க வேண்டும். காய்ந்து கருகியதும் வேண்டாம், பச்சைப்பசேல் என்று இருப்பதும் வேண்டாம். திட்டு விழுந்ததுதான் வேண்டும். தண்ணீர் படக்கூடாது. ஒரு மரத்து இலை இன்னொன்றோடு கலக்கக்கூடாது. காகிதத்தில் சுற்றி, தனித்தனிக் கவரில் நம்பர் எழுதிப் போட வேண்டும். வெயில் படாமல், சூடேறாமல் தஞ்சாவூர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்தக் கவர் எந்த மரம் என்று பின்னால் தெரிய வேண்டுமே, அதனால் மரத்திலும் அதே நம்பரை எழுதி ஏதாவது கட்டிவிட வேண்டும். மேடம் இதைச் சொல்லும்போது அப்பா தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை என்று. முழுக்க மனப்பாடம் செய்தது நான்தான். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஏதாவது துணி கிழிச்சுக் குடு" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஒரு பழைய வேட்டியைக் கிழித்தாள். கிழித்தவள் சும்மா இருந்திருக்கலாம். "உடம்பு சரியில்லாத மரத்துக்கு வெறும் கந்தையைக் கட்டுனா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் மங்கலமா இருக்கட்டுமே" என்று அத்தனையையும் மஞ்சளில் முக்கிக் காயப் போட்டாள். என்னுடைய ஸ்கெட்ச் பேனாவை வாங்கி அப்பா அந்த மஞ்சள் துணிகளில் ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் எழுதிக் கொடுத்தார். அங்கே பிடித்தது சனியன்.

இலை பறிக்கிற நாள் பார்த்துத்தானா வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும்! அப்பா மண்வெட்டியோடு மடைக்கு ஓடிவிட்டார். கடைமடையில் முறைத் தண்ணீரை விட்டால் போனது போனதுதான். ஆகவே கொல்லையில் அத்தையும் நானும் மட்டும். நான் நம்பரைச் சொல்ல, அத்தை துணியைக் கட்டி இலை பறித்தாள். மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் நின்றது இரண்டாம் நம்பர். கடைசிக்கு முந்தியதாக வேலியோர மரம். அது அஞ்சு.

அந்த மரத்திடம் வந்ததும் அத்தை வெகுநேரம் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிடுகிடுவென்று பறித்தாள். கையைப் பார்த்தால் எல்லாம் நல்ல இலை. பளபளவென்று, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல். எனக்குச் சொன்ன பாடம் அது இல்லையே. ஆனாலும் ஆபீசுக்குக் கொடுக்கிறோம், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள் என்று, "நல்லாருக்கு அத்தை. இதையே குடுத்துடலாம்," என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அப்படியே விரல்களை விரித்துக் கீழே விட்டுவிட்டாள்.

"நல்லதைக் குடுத்து நல்ல சேதி வாங்கி என்னடி பண்றது மருமகளே?" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கிளையைத் தாழ்த்தித் திட்டு விழுந்த இலையாகப் பார்த்துப் பறித்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால், கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற மாதிரி மெதுவாகப் பறித்தாள்.

தஞ்சாவூருக்கு அத்தையும் நானும் போன அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பெட்டிக்கடையில் உறைந்த தண்ணீர் பாட்டில் வாங்கி, துண்டில் சுற்றி ஒயர் கூடையின் அடியில் வைத்து, அதன் மேல் அட்டை, அட்டை மேல் கவர்கள். கூடை என் மடியில். பாட்டில் கரைந்து துண்டு நனைந்து இலையில் தண்ணீர் பட்டுவிடுமோ என்று ஒரு பயம். கரையாமல் இருந்து இலை விறைத்துவிடுமோ என்று இன்னொரு பயம். ஊர் ஊராக நிறுத்தி ஏற்றியதில் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. ஒரு வளைவில் நான் கம்பியைப் பிடிக்கக் கையை எடுத்த நேரம், கண்டக்டர் கூடையை லாவகமாகத் தூக்கி, "லக்கேஜை மடியில வச்சுக்கிட்டு பாப்பா கஷ்டப்படுது பாருங்க," என்று டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கால் வைத்தால் கொப்பளிக்கிற இடம் அது.

"அத்தை! இன்ஜின்!" என்று கத்தினேன்.

அத்தை எழுந்த எழுச்சியில் பக்கத்து சீட்டுக்காரரின் செய்தித்தாள் கிழிந்தது. "யோவ், எடுய்யா அதை! உயிருய்யா அது!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"என்னம்மா, உயிரோட மீனா?" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. கூடையை வாங்கி, உள்ளே கையை விட்டுத் துழாவி, அஞ்சாம் நம்பர் கவரை மட்டும் எடுத்துப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு அதை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற கவரையெல்லாம் ஏன் பார்க்கவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது. மேடம் எல்லாவற்றையும்தான் சூடேறாமல் வைக்கச் சொல்லியிருந்தார்.

ஆபீசில் கவர்களை வாங்கிக்கொண்டவர் நம்பரைச் சரிபார்த்து மேஜை மேல் வைத்தார். வேலை முடிந்தது. அத்தை நகரவில்லை. "போயிட்டு வாங்கம்மா, போன் பண்ணுவாங்க," என்றார் அவர். அப்போதும் அத்தை அந்தக் கவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அடுத்து வந்தது காத்திருப்பு. அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டுக் கை கழுவுவார். போன் அடித்தால் மூன்று பேரும் ஓடுவார்கள். அழைத்தது லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். அந்தப் பாவப்பட்ட பெண் அப்பாவிடம் வாங்கிய திட்டு இருக்கிறதே!

இதற்கிடையில் முதல் ஆடி வெள்ளி வந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் எங்கள் வேலியை ஒட்டித்தான் போக வேண்டும். மேலத்தெரு அக்கா ஒருத்தி நின்று எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி வெகுநாளாகக் குழந்தை இல்லாதவள், கோயில் ஒன்று விடாமல் போகிறவள்.

"என்னண்ணி, மரத்துக்கெல்லாம் மஞ்சத்துணி கட்டியிருக்கீங்க?"

நோய் என்று அம்மா சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அம்மனுக்குச் சாத்தப்போகும் மாலை அந்தக் கொல்லைக் காயில் கோத்தது. நோய் பிடித்த கொல்லைக் காயை அம்மனுக்குப் போட்டார்கள் என்று ஊர் சொன்னால் அம்மா அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

"அது... ஒரு வேண்டுதல்," என்றாள் அம்மா.

"என்ன வேண்டுதல் அண்ணி?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுல்ல."

அவ்வளவுதான். சொல்லக்கூடாத வேண்டுதல் என்றால் அது பெரிய வேண்டுதலாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அடுத்த வெள்ளிக்குள் எங்கள் கொல்லையில் பாதி மரம் மஞ்சள் கட்டி நின்றது. பரீட்சைக்கு ஒரு துணி, துபாய் விசாவுக்கு ஒரு துணி, வயிற்று வலிக்கு ஒரு துணி. கட்டாதே என்று யாரிடம் சொல்வது? அம்மன் காரியத்தைத் தடுத்தவள் என்று வருமே. அம்மா கையைப் பிசைந்துகொண்டு வருகிறவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி அம்மனை இழுத்துவிட்ட வீட்டில் அம்மன் சும்மா இருப்பாளா என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். போர்வைக்குள் கிடந்து, "அம்மாவை மன்னிச்சிரு தாயே, எங்க மரத்தை ஒண்ணும் பண்ணிடாதே," என்று வேண்டிக்கொள்வேன்.

அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் சாமியாடிவிட்டாள். "இது கொல்லையா, கோயிலா?" என்று கத்திக்கொண்டே துணிகளை அவிழ்க்கப் போனவள், வேலியோர மரத்தருகில் போனதும் சத்தம் அடங்கி நின்றுவிட்டாள். அந்த மரத்தில் மேலத்தெரு அக்கா சின்னதாக ஒரு மரத் தொட்டில் கட்டியிருந்தாள், உள்ளங்கை அளவில். காற்றில் அது ஆடிக்கொண்டிருந்தது. அத்தை அதைத் தொடவில்லை. மற்ற துணிகளையும் அவிழ்க்கவில்லை. திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு கத்தியவள் ஒரு பொம்மைத் தொட்டிலைக் கண்டு ஏன் அடங்கினாள் என்று எனக்குப் புரியவில்லை. அன்று மாலை தூறல் போட்டது. அப்பா ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய நம்பரெல்லாம் கரைந்து வழிந்தது.

போன் ஒரு மத்தியான வேளையில் வந்தது. மேடம்தான். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஆறுல ரெண்டுலதான் இருக்கு. ரெண்டாம் நம்பர், அஞ்சாம் நம்பர். மத்த நாலும் சுத்தம். ரெண்டோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. ஆனா நாள் கடத்தாதீங்க, உடனே எடுத்துடுங்க."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா கொல்லைக்கு ஓடினார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம். ஓடிப்போய்ப் பார்த்தால் கொல்லை முழுக்க மஞ்சள். எதிலும் நம்பர் இல்லை.

"எதுடி ரெண்டு? எதுடி அஞ்சு?" அப்பா அம்மாவிடம் இரைந்தார். "வேண்டுதலாம் வேண்டுதல்! நல்ல மரத்தை வெட்டிப்புட்டு நோயை வளக்கச் சொல்றியா?"

"மறுபடி இலை அனுப்பிப் பாக்கலாங்க," என்றாள் அம்மா அழுதுகொண்டே.

"அனுப்பி அது வர்றதுக்குள்ள மொத்தமும் போயிடும்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நீதானே கூட இருந்தே? ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "ரெண்டு அதோ, மோட்டார் கொட்டகைகிட்ட," என்று கையை நீட்டினேன். அப்பா மூச்சு விட்டார். "அஞ்சு?"

அஞ்சைச் சொல்ல வாய் வரவில்லை. முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்த கவர்தான் கண்முன் நின்றது. சொன்னால் அத்தைக்கு என்னவோ ஆகிவிடும். சொல்லாவிட்டால் அப்பாவின் கொல்லையே போய்விடும். அத்தையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு மரத்தைக் கைகாட்டினால்கூட அப்பா நம்பிவிடுவார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"புள்ளையை ஏன்டா மெரட்டுறே?" என்றாள் அத்தை. நடந்து போய் வேலியோர மரத்தின் மேல் கையை வைத்தாள். "இதான் அஞ்சு."

அப்பா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுவா?" என்றார். இல்லை என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"என் கையால பறிச்சேன் தம்பி. எனக்குத் தெரியாதா?"

சத்தம் கேட்டு வேலிக்கு வெளியே வந்து நின்ற மேலத்தெரு அக்கா, "ஐயோ, நான் தொட்டில் கட்டின மரம்! அதையா வெட்டப் போறீங்க?" என்று பதறினாள். அத்தை அந்தத் தொட்டிலை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். அறுக்கவில்லை. அவிழ்த்துக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தாள்.

"இந்த மரம் உனக்கு வேணாம்மா. வா, கோயில் வேப்பமரத்துல நானே கட்டித் தர்றேன். உனக்கு நல்லபடியா பொறக்கும்."

மறுநாள் காலை இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்து இரண்டாம் நம்பர் மரத்தைத் தோண்டிப் போட்டார்கள். அஞ்சாம் நம்பரை அவர்கள் கிளை கழித்து வெட்டிச் சாய்த்ததோடு சரி. அடிமரத்தில் கடப்பாரையை வைக்கப் போனபோது அத்தை விடவில்லை. "அதை நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க," என்றாள். குழிக்குள்ளேயே போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் வேர் மிச்சமில்லாமல் போகும் என்று ஆட்கள் சொன்னதற்கும், "இந்தக் குழியில நெருப்பு வைக்கக் கூடாது. மரத்தை இழுத்துக்கிட்டுப் போய் அந்தாண்ட கொளுத்துங்க," என்றாள். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிற அப்பா அன்றைக்குச் சரி என்று தலையாட்டினார். ஆட்களை அனுப்பிவிட்டு அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே நின்றார்.

அம்மா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். நான் போகவில்லை. ஒரு துண்டு வேர்கூட மண்ணில் விடக்கூடாது என்று மேடம் சொன்னதைச் சரியாகக் கேட்டவள் நான் ஒருத்திதானே! அப்பா மெதுவாக, மண்வெட்டி நுனியால் சுரண்டுவது போல் தோண்டினார். கொஞ்சம் ஆழம் போனதும் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அத்தை குழியில் இறங்கி உட்கார்ந்து கையால் மண்ணை அள்ளினாள். அள்ளிய மண்ணை விரலிடுக்கில் சலித்துப் பார்த்து மேலே போட்டாள். நான் அந்த மண்ணில் வேர்த் துண்டு தேடினேன். குச்சியாக, வெளுப்பாக எது கிடைத்தாலும் ஓடிப்போய்க் காட்டினேன்.

"இது அத்தை?"

அவள் அதை உள்ளங்கையில் வைத்து, மண்ணை ஊதி, நகத்தால் கீறிப் பார்ப்பாள்.

"இது வேருடி."

"இது?"

"இதுவும் வேர்தான் மருமகளே."

ஒரு முறைகூட அவள் சலித்துக்கொள்ளவில்லை. எத்தனை கொண்டுபோனாலும் அதே மாதிரி ஊதிப் பார்த்தாள். வெயில் ஏறிய பிறகு அப்பா, "போதும்க்கா. மேல வா. மண்ணோட மண்ணா ஆயிருக்கும்," என்றார். அத்தை இன்னும் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லடா தம்பி," என்றாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேர் ஒன்றும் மிச்சமில்லை என்றால் நல்லதுதானே, இதற்கு ஏன் இவர் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா ஒரு செம்பில் பால் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை அதைக் குழியைச் சுற்றிலும் ஊற்றினாள். மரம் செத்தாலும் பால் ஊற்றுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொல்லை பிழைத்தது. அந்தக் குழியை மூடிய இடத்தில் மட்டும் யாரும் எதையும் நடவில்லை.

என் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, கொல்லையில் நடந்துகொண்டிருந்த என்னை அந்த வெற்றிடத்தைத் தாண்டிப் போகவேண்டாம் என்று அம்மா தடுத்தாள். ஏன் என்று பிடிவாதமாகக் கேட்ட பிறகுதான் சொன்னாள். அத்தையும் தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வந்தாளாம். ஆண் குழந்தை. பேர் வைக்கும் வரைகூடத் தங்கவில்லை. பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், வேலியோரம் புதைத்தார்கள். மேலே ஒரு எலுமிச்சைக் கன்றை அத்தை தன் கையால் வைத்தாள். புருஷன் வீட்டார் கூட்டிப் போக வந்தபோது அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உயிரோடு இருந்திருந்தால் அவன் என்னைவிட மூத்தவன்.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. குழிக்குள் உட்கார்ந்து, நான் நீட்டுகிற ஒவ்வொரு வெள்ளைத் துண்டையும் அத்தை அவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் மேடம் சொன்னதற்காகத்தான் என்று நினைத்தேன். கடைசியாக விரல் நீளத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து, பரிசு கிடைத்த சந்தோஷத்தில், "அத்தை, கெடைச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவள் குழிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள்.